கார்டை மாத்துறதுக்கு முன்னாடி ஃபைலைப் பாருங்க! - மதுரை கல்யாண வீடியோ எடிட்டர்களின் ஆடி மாதக் கணக்கு

ஆடி பிறந்துவிட்டால் மதுரையில் கல்யாண மண்டபங்கள் அடங்கிவிடும். வைகாசியிலும் ஆனியிலும் விடிய விடிய எரிந்த சீரியல் லைட்டுகள் அழகர்கோவில் ரோட்டிலும் பைபாஸ் ரோட்டிலும் அணைந்து கிடக்கும். சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் கொஞ்சம் ஓய்வு. ஆனால், வீடியோகிராபருக்கு ஓய்வு கிடையாது. இரண்டு மாத முகூர்த்தங்களும் அவருடைய ஹார்டு டிஸ்க்கில் எடிட் ஆகாமல் குவிந்து கிடக்கும்.

போன் அடிக்கும். "அண்ணே, பொண்ணு மாப்பிள்ளை அடுத்த வாரம் துபாய் கிளம்புறாங்க. வீடியோ எப்பண்ணே வரும்?"

"ரெண்டே நாள் தம்பி, ஓடிக்கிட்டு இருக்கு" என்று பதில் போகும். திரையில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்காது. தாலி கட்டும் காட்சியில் மாப்பிள்ளையின் கை பாதியில் நிற்கும். நான்கு நொடி கழித்து ஒரு குதி குதித்து அட்சதைக்குப் போய்விடும். எட்டு, பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய டெஸ்க்டாப் அது. இந்தத் தொழிலில் கடைசித் தவணை, பென்டிரைவ் கைமாறும்போதுதான் வரும். கம்ப்யூட்டர் நின்றால் பாக்கிப் பணமும் நிற்கும்.

இந்த நேரத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு போடுங்கண்ணே, பறக்கும்!"

சில சமயம் உண்மையிலேயே பறக்கும். சில சமயம், சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிய கார்டைப் போட்ட பிறகும் மாப்பிள்ளையின் கை அதே இடத்தில் நிற்கும். எப்போது பறக்கும், எப்போது நிற்கும் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்தே, காசு செலவில்லாமல் கண்டுபிடித்துவிட முடியும்.

கார்டு மேல் வந்த நம்பிக்கை

கல்யாண வீடியோக்காரர்களுக்குக் 'கார்டு' மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கேசட் காலத்தில் எடிட்டிங்குக்கு 'மிக்ஸிங்' என்று பெயர். இரண்டு விசிஆர், நடுவில் ஒரு மிக்ஸர், ரோஜாப்பூ விரிந்து அதற்குள் மணமக்கள் முகம் தெரியும் எஃபெக்ட். அப்புறம் வேலை கம்ப்யூட்டருக்கு வந்தது. சினிமாவில் 1994-ல் வெளியான கமல்ஹாசனின் 'மகாநதி'யைத்தான், இந்தியாவில் முதன்முதலாக ஆவிட் முறையைப் பயன்படுத்திய படம் என்று குறிப்பிடுவார்கள். கல்யாண ஸ்டூடியோக்களுக்கு அந்த மாற்றம் பின்னால், கேனோபஸ், மேட்ராக்ஸ், பினாக்கிள் என்ற பெயர்களில் வந்தது. இவை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டுகள். டேப்பில் இருப்பதை உள்ளே இழுப்பதில் தொடங்கி எஃபெக்ட் போடுவது வரை பெரும்பகுதி வேலையை அந்தக் கார்டே பார்த்தது. நல்ல கார்டு வாங்கினால் வேலை வேகமாக முடியும் என்பது அன்றைக்கு முழு உண்மை.

2010-ல் அடோபி தன் பிரீமியர் ப்ரோ சிஎஸ்5 பதிப்பில், எஃபெக்ட் வேலைகளை என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்குத் தள்ளிவிடும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் சில விலையுயர்ந்த கார்டுகளுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த அனுமதிப் பட்டியல், மென்பொருளோடு வந்த ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. நோட்பேடில் அதைத் திறந்து, தங்கள் சாதா கார்டின் பெயரையும் ஒரு வரி சேர்த்து வேலை வாங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு. கார்டு புராணம் மேலும் வலுவானது அப்போதுதான்.

ஆனால், இதற்கு நடுவே கேமரா மாறிவிட்டது. அங்கேதான் சிக்கல்.

மொய் நோட்டில் 'மேற்படி'

எடிட்டிங் கம்ப்யூட்டர் செய்வது மூன்று வேலை. கேமரா சுருக்கிக் கொடுத்த ஃபைலைப் பிரித்துப் படமாக்குவது ஒன்று. அந்தப் படத்துக்குக் கலர், டைட்டில், எஃபெக்ட் என்று அலங்காரம் செய்வது இரண்டாவது. முடிந்ததை மறுபடி சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டுவது மூன்றாவது.

இதில் முதல் வேலைதான் வெளியே தெரியாமல் உயிரை வாங்குவது. மொய் நோட்டு எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு ஊர், தெரு, பெயர், தொகை எல்லாம் முழுசாக எழுதுவார். அடுத்தவரும் அதே ஊர் என்றால் 'மேற்படி' என்று போட்டுவிடுவார். நோட்டில் இடம் மிச்சம். ஆனால், நாற்பதாவது வரியில் இருப்பவர் எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால், 'மேற்படி'களைத் தாண்டி மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

எச்.264, எச்.265 என்ற பெயர்களில் இன்றைய கேமராக்கள் பதிவுசெய்வது இப்படித்தான். எப்போதாவது ஒரு பிரேம் மட்டும் முழுப் படம். மற்றவை எல்லாம், 'முன்னால் இருந்ததேதான், இந்த இடம் மட்டும் மாறியிருக்கிறது' என்ற குறிப்பு. எடிட்டர் டைம்லைனில் நடுவில் ஓர் இடத்தைத் தட்டினால், கம்ப்யூட்டர் பின்னால் ஓடிப்போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு கேமரா, மேலே ஒரு டிரோன் என்றால் மூன்று நோட்டை ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும்.

இந்தப் புரட்டும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் கார்டில் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. கார்டின் பெரும்பகுதி எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், அந்தச் சின்னப் பகுதிக்குப் புரியாத மொழியில் ஃபைல் இருந்தால், வேலை திரும்பவும் பழைய பிராசஸர் தலையில்தான் விழும்.

அந்த மூன்று எண்கள்

புரியாத மொழி எது? 4:2:2 10 பிட்.

சாதாரண வீடியோ 8 பிட். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலை. 10 பிட்டில் அதுவே 1,024. பட்டுப்புடவையின் சிவப்பிலும் மேடை விளக்கின் மஞ்சளிலும் கலர் கிரேடிங் செய்யும்போது பட்டை பட்டையாகக் கோடு விழாமல் இருப்பது இதனால்தான். 4:2:0 என்றால் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு வண்ணக் குறிப்பு. 4:2:2 என்றால் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. அதாவது இருமடங்கு வண்ணத் தகவல்.

2020-ல் வந்த சோனி ஏ7எஸ் 3, கேனான் ஆர்5, ஆர்6, 2021-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் இந்த வகையில் பதிவுசெய்ய வல்லவை. கேமரா வாங்கியதும் மெனுவில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை வைத்துவிடுவது மனித இயல்பு.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கார்டுகளின் பிரிக்கும் பகுதிக்கு இந்த 4:2:2 தெரியாது. விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் தெரியாது. 2025-ல் வந்த 50 வரிசையில்தான் முதல்முறையாக அதைச் சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்டெல் 11-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ், எச்.265 வகை 4:2:2-ஐ அலட்டாமல் பிரித்துவிடும். அதே 4:2:2 எச்.264-ல் இருந்தால் அதற்கும் முடியாது. பெரிய கார்டு திணறும் இடத்தில் பிராசஸரோடு இலவசமாக வந்த கிராபிக்ஸ் ஜெயிப்பதை நம்ப மறுப்பவர்கள் உண்டு. நியாயம்தான், காசு கொடுத்தவருக்குத்தானே வலி!

ஆகவே, பழைய டெஸ்க்டாப்பில் நான்காம் தலைமுறை ஐ5 இருக்கிறது, கேமரா 4:2:2 10 பிட் கொடுக்கிறது என்றால், செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போடுவதால் டைம்லைன் தடுமாற்றம் தீராது. கலர் வேலையும் எக்ஸ்போர்ட்டும் வேகமாகும், உண்மை. ஆனால், 'நிக்குதே' என்று எதற்காக வாங்கினாரோ, அது அப்படியே நிற்கும்.

காசில்லாத பரிசோதனை

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் ஜிபியு என்பதைத் தட்டினால் '3டி', 'வீடியோ டிகோட்', 'வீடியோ என்கோட்' என்று சின்னச் சின்ன வரைபடங்கள் தெரியும். இதைத் திரையின் ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு, தடுமாறும் அந்தக் கல்யாணத்தை டைம்லைனில் ஓடவிட வேண்டும். எஃபெக்ட் எதுவும் போடாத வெறும் கிளிப் முதலில்.

வெறும் கிளிப்பே தடுமாறுகிறது, பிராசஸர் 100 சதவிகிதத்தில் முட்டி நிற்கிறது, வீடியோ டிகோட் கோடு தரையோடு படுத்திருக்கிறது என்றால், ஃபைலைப் பிரிப்பதில்தான் கோளாறு. வெறும் கிளிப் நன்றாக ஓடி, கலரும் புள்ளி நீக்கும் எஃபெக்ட்டும் போட்டவுடன் முடங்குகிறது என்றால், குற்றவாளி கார்டேதான். மாற்றினால் பலன் கிடைக்கும். பிரீமியரில் எஃபெக்ட் சுமை '3டி'யில் தெரியாமல் 'குடா' என்ற தனி வரைபடத்தில் தெரியலாம். வரைபடத்தின் தலைப்பைத் தட்டி மாற்றிப் பார்க்கலாம். இரண்டுமே சும்மா இருந்து, ஹார்டு டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் அது வேறு கதை. 4:2:2 10 பிட் 4கே, சோனியில் நொடிக்கு 140 மெகாபிட் என்ற அளவில் பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. மூன்று கேமரா ஃபைல்களைச் சுற்றும் டிஸ்க்கில் வைத்து அங்கும் இங்கும் தாவினால் ஊசி அலைந்தே ஓய்ந்துவிடும். அங்கே தேவை ஓர் எஸ்எஸ்டி.

எந்த மென்பொருள் என்பதும் முக்கியம். டாவின்சி ரிசால்வ், படம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கார்டின் மேல்தான் ஏற்றும். கார்டின் மெமரி போதாவிட்டால் வெளிப்படையாகச் செய்தி போட்டு நின்றுவிடும். 4கே வேலைக்கு 8 ஜிபி கார்டு இருந்தால் நிம்மதி. கல்யாண எடிட்டர்களுக்குப் பழகிய எடியஸ் வேறு ஜாதி. அது நெடுங்காலம் பிராசஸரையும் இன்டெல்லின் குவிக் சிங்க் வசதியையும் நம்பியே ஓடியது.

குவிக் சிங்க் பற்றி ஒரு விஷயம். தனியாகக் கார்டு போட்டவுடன் பல போர்டுகள் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதைத் திரும்ப இயக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து உழைக்கும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ரேட்டில் எழுதாத செலவு

சரி, பரிசோதனை செய்தாயிற்று, கார்டுதான் தேவை என்று தெரிந்துவிட்டது. இனி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போகலாமா? அதற்கு முன் சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பது நல்லது.

முதலில் எஸ்எம்பிஎஸ். கார்டு செருகும் ஸ்லாட் தன் பங்குக்கு 75 வாட் கொடுக்கும். அதற்குமேல் கேட்கும் கார்டுகளுக்குத் தனி வயர் வேண்டும். ஆறு பின் வயர் 75 வாட், எட்டு பின் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட்; 5060 கேட்பது 145; 5050 என்றால் 130. இவற்றுக்கெல்லாம் 550 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது தயாரிப்பாளர் தரப்பு. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எத்தனை வாட் அச்சடித்திருந்தாலும் அதை நம்பிப் புதுக் கார்டை மாட்டுவது, பழைய ஏணியில் ஏறி வெள்ளையடிப்பது மாதிரி.

கம்பெனிகளில் பயன்படுத்திக் கழித்த சின்ன டெஸ்க்டாப்பை வாங்கி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. அவற்றின் எஸ்எம்பிஎஸ் அளவும் கனெக்டரும் தனி ரகமாக இருக்கும். கடையில் கிடைப்பது பொருந்தாது. அவர்களுக்கு 70 வாட்டில் தனி வயர் இல்லாமல் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரிக் கார்டுதான் கதி. உயரம் குறைந்த வடிவிலும் அது கிடைக்கிறது.

அடுத்தது யூபிஎஸ். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யூபிஎஸ், பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். புதுக் கார்டும் பிராசஸரும் சேர்ந்து முழுவேகத்தில் எக்ஸ்போர்ட் ஓடும்போது, மானிட்டரையும் கூட்டினால் சுமை அந்த எல்லையைத் தொட்டுவிடும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தும் அந்த நொடியில், ராத்திரி முழுக்க 92 சதவிகிதம் வரை ஏறிய எக்ஸ்போர்ட் ஒரு 'டக்'கோடு போய்விடும்.

மதர்போர்டையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் நிறைய ஓடிய எச்81 போர்டில் கார்டு ஸ்லாட் இரண்டாம் தலைமுறை. ரேம் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. 2022-ல் விலை குறைவு என்று பலரையும் இழுத்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஸ்லாட்டில் உள்ள 16 பாதைகளில் நான்கைத்தான் பயன்படுத்தும். பழைய போர்டில் அதன் வேகம் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அதைவிட, எச்.264, எச்.265-ல் வீடியோவைச் சுருக்கிக் கட்டும் பகுதியே அந்தக் கார்டில் கிடையாது. விளையாட்டுக்குச் சரி, வீடியோ எடிட்டருக்கு வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டுகள் 4:2:2 எச்.265-ஐப் பிரிப்பதில் கெட்டி. ஆனால், 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அவை சோர்ந்துவிடும். சில பழைய போர்டுகளில் பயாஸை அப்டேட் செய்யாமல் புதுக் கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் எல்லாமே மாற்ற வேண்டும் என்று கணக்கு வந்தால், அது அப்கிரேடு இல்லை, புதுக் கம்ப்யூட்டர். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதிலிருந்து அந்தக் கணக்கு இன்னும் கசக்கிறது.

செகண்ட் ஹேண்ட் சந்தை

புதுக் கார்டுக்கு 18 சதவிகித ஜிஎஸ்டி. அதனால், கை தானாகப் பழைய கார்டு பக்கம் போகும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்க விற்பனைக்கு வந்தன. அப்படி ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டுப்போயிருக்கும் என்றில்லை. ஃபேன் ஆடுகிறதா, அரை மணி நேரம் முழுச் சுமையில் வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று ஓட்டிப் பார்த்து வாங்கலாம். சித்திரை வெயிலில் மாடி அறையிலேயே 40 டிகிரி நிற்கும் ஊரில் இந்தச் சோதனை கட்டாயம்.

பயப்பட வேண்டியது போலிக்கு. பழைய மலிவுக் கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று விண்டோஸிலேயே பெயர் காட்டவைத்து விற்ற கூத்து நடந்திருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பெயருக்கு முன்னால் போலி என்றே எச்சரிக்கும். அசல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையாகவே இருந்தாலும், 2025 அக்டோபரோடு அதற்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை என்விடியா நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். எடிட்டிங் மென்பொருள்கள் புதுப் பதிப்புகளில் புது டிரைவர் கேட்கும் என்பதால், விலையைப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

கார்டு நிஜமாகவே காப்பாற்றும் இடமும் உண்டு. தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் காளை பாய்வதை நொடிக்கு 120 பிரேமில் எடுத்து, ஸ்லோமோஷனாக்கி, புழுதிக்கு ஏற்பக் கலர் திருத்தி, அன்று ராத்திரியே யூடியூபில் ஏற்றியாக வேண்டும். மறுநாள் அடுத்த ஊர்க் காளை வந்துவிடும். இந்த இடத்தில், சுருக்கிக் கட்டும் வேலையைப் பிராசஸரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் கார்டு, விடியும்வரை உட்காருவதற்கும் வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

காசே இல்லை என்றால்?

அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் பழைய வழி. ப்ராக்ஸி. கனமான ஒவ்வொரு ஃபைலுக்கும் எடை குறைந்த ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வைத்தே வெட்டி ஒட்டி முடித்து, கடைசி எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் அசலை உள்ளே கொண்டுவருவது. பிரீமியரில் 2016-லிருந்தே இது உள்ளடங்கிய வசதி. ரிசால்விலும் உண்டு. இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் நகல்கள் தயார். பல கேமராக்களில், பதிவாகும்போதே நகலையும் சேர்த்துப் பதிவுசெய்யும் ஏற்பாடு இருக்கிறது. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஒருநாளும் தொடாதவர்கள்தான் அதிகம்.

இதைவிடச் சுலபமானது, அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன் கேமரா மெனுவைத் திறப்பது. மூன்று மணி நேர வரவேற்பில் மேடையேறி வரிசையாகப் போட்டோவுக்கு நிற்கும் கூட்டத்துக்கு 4:2:2 10 பிட் தேவையா? அந்த நேரத்துக்கு 4:2:0 போதும். முகூர்த்தத்துக்கும், புதூர் தாண்டி அழகர்மலை அடிவாரத்தில் எடுக்கும் அவுட்டோர் பாடலுக்கும் மட்டும் உயர்ந்த தரத்தை வைத்துக்கொள்ளலாம். டைம்லைனில் சுமை பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வாங்கியவர்களுக்கு: கரண்ட் வயரைக் கழற்றி, கேபினட் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பழைய கார்டை எடுத்துப் புதியதை ஸ்லாட்டில் 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். என்விடியா தளத்தில் விளையாட்டுக்கு ஒரு டிரைவர், 'ஸ்டூடியோ' என்று ஒரு டிரைவர் இருக்கும், எடிட்டருக்கு இரண்டாவது. பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ வயர்தான் இருக்கிறது என்றால் புதுக் கார்டில் அதைச் செருக இடம் கிடையாது. எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று கூடவே வாங்கி வர வேண்டும். எல்லாம் முடிந்து, பழக்க தோஷத்தில் மானிட்டர் வயரை மதர்போர்டின் பழைய துளையிலேயே செருகிவிட்டு, "கார்டு வேலை செய்யலையே" என்று கடைக்காரருக்குப் போன் போடுபவர்கள் உண்டு. வயரை உருவி, கீழே இருக்கும் கார்டில் செருகச் சொல்வார் அவர்.